கொங்குப் பிராட்டியார் கொண்டு சென்றவை

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஒரு காலக்ஷேப கோஷ்டியில் அந்வயித்துச் சில ஆண்டுகள் கேட்டபின், ஏதோ ஒரு காரணத்தால் அதிலிருந்து விலகியவர்கள் நம்மிடையே பலர் உளர். உத்யோகம் நிமித்தமாக ஊர் மாறியவர்கள் சிலர். பெரியோர்க்குப் பணிவிடை செய்யவேண்டியிருந்து நேரம் இல்லாமற்போனவர்கள் சிலர். கேட்ட கேள்விக்காகக் கடியப்பட்டு, மனம் நொந்து எழுந்து வந்தவர்களும் உண்டு. காரணம் எதுவானாலும், விலகியபின் இவர்கள் எல்லாருடைய நெஞ்சிலும் ஒரே கேள்வி நிற்கிறது: இனி வ்யாக்யானங்களை நாமே வாசித்துக்கொள்ளலாமா? அது அபசாரமாகுமா? இதற்குள்ளே இன்னும் ஆழமான ஓர் அச்சமும் இருக்கிறது. கோஷ்டியை விட்டதனால் எம்பெருமானோடு இருந்த தொடர்பும் விட்டுப்போயிற்றோ என்பதே அது.

அச்சத்துக்கு முதலில் விடை சொல்லிவிடலாம். பஞ்சஸம்ஸ்காரத்தால் வந்த ஆசார்ய ஸம்பந்தம் வேறு. ஒரு க்ரந்தத்தை ஒருவரிடம் அமர்ந்து கேட்பது வேறு. முன்னது, ஒரு சனிக்கிழமை வகுப்புக்குப் போகாததால் அறுந்துபோகும் கயிறன்று. இதில் ஐயம் வேண்டா.

தாமே வாசிக்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் அப்படி ஒரே சொல்லில் விடை கூற இயலாது. கூடவே கூடாது என்பாரும், புத்தகம் இருக்கையில் ஆசார்யன் எதற்கு என்பாரும் அவசரப்படுகிறார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. பூர்வாசார்யர்களின் சரித்திரத்தை நிதானமாகப் பார்த்தால் இவ்விரண்டுக்கும் இடமில்லை. அதற்கு நாம் முதலில் போகவேண்டிய இடம் கொங்கு நாடு.

நூற்றெட்டு திவ்யதேசங்களில் ஒன்றுகூடக் கொங்கு மண்டலத்தில் அமையவில்லை. காரமடையில் அரங்கநாதன் எழுந்தருளியிருக்கிறான். மாசி மகத்தை ஒட்டி அவன் திருத்தேருக்குக் கோயம்புத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் திரள்கின்றன. ஆயினும் அதனை அபிமான ஸ்தலமாகக் கொண்டாடுகிறோமேயன்றி, ஆழ்வார்களின் மங்களாசாஸனம் பெற்றது என்று சொல்ல இயலாது. ஆகவே திருவரங்கத்திலும் காஞ்சியிலும் இருப்பார்க்குத் தெருக்கோடியிலேயே கிடைக்கும் கோஷ்டியும் உபதேசமும் இந்நாட்டவர்க்கு நெடுந்தொலைவில் இருந்தன. அப்படிப்பட்ட நாட்டில், ஆசார்யனைப் பிரிந்துவந்து, வழிகாட்டுவார் எவருமின்றிப் பல காலம் வாழ்ந்த ஒரு பெண்மணியைத்தான் குருபரம்பரை கொங்குப் பிராட்டியார் என்று கொண்டாடுகிறது.

அவர் சரித்திரத்தின் முற்பகுதி திருவரங்கத்தில் நிகழ்ந்தது. தம் ஊரில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபடியால், அவரும் அவர் கணவரும் பிழைப்புக்காகத் திருவரங்கம் வந்து ஒரு மாடி வீட்டில் தங்கியிருந்தனர். எம்பெருமானார் மாதுகரத்துக்காகத் தெருவில் எழுந்தருளும்போது, பெரிய மனிதர்களும் அரசர்களும் அவர் திருவடிகளில் விழுவதை அவர் மேலிருந்து கண்டார். ஒருநாள் இறங்கி வந்து உடையவரையே நேரில் கேட்டார். உம்மை எல்லாரும் வணங்குகிறார்கள், நீரோ பிச்சைக்கு வருகிறீர், இது என்ன? தாம் அவர்களுக்குப் பகவத் விஷயமான நல்வார்த்தை சொல்வதால் அவர்கள் அப்படி இருக்கிறார்கள் என்று எம்பெருமானார் விடை ஸாதித்தருளினார். ஆனால் அந்த வார்த்தையை அடியேனுக்கும் அருளவேண்டும் என்றார் அவர். எம்பெருமானாரும் த்வயத்தை உபதேசித்தருளினார்.

உபந்யாஸங்களில் இந்தக் கேள்வியை ஒரு வேடிக்கைபோலச் சொல்லிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவது வழக்கம். நமக்கோ இதுதான் சரித்திரத்தின் வித்து என்று தோன்றுகிறது. ஊரே விழுந்து வணங்கும்போது தாமும் விழாமல், ஏன் என்று கேட்ட நெஞ்சு அது. அந்தக் கேள்வியை எம்பெருமானார் கடியவில்லை. அதற்குக் கிடைத்த பரிசோ மந்த்ரரத்நம்.

பின்பு ஊரில் மழை பெய்தது. திரும்பிப் போகவேண்டிய நாள் வந்தது. அப்போது அவருக்கு, உபதேசம் பெற்ற த்வயம் மறந்துவிட்டது! போய்ச் சேர்ந்தபின் இது தெரிந்திருந்தால் என்னாவது? புறப்படுமுன் தம்மிடம் உள்ளதைச் சோதித்துப் பார்த்தார், மறந்துபோனதைக் கூசாமல் சொன்னார், மீண்டும் பெற்றார். எம்பெருமானாரும் இரண்டாம் முறை உபதேசித்தருளினார். அதன்மேல் அவர் இன்னும் ஒன்று வேண்டினார்: பிரிந்திருக்கும் காலத்தில் அடியேனுக்குத் தஞ்சமாக ஏதேனும் தந்தருளவேண்டும். எம்பெருமானார் தம் ஸ்ரீபாதுகைகளைத் தந்தருளினார். இவ்வளவே அவர் கொங்கு நாட்டுக்குக் கொண்டு சென்றவை. ஓலைச்சுவடி ஒன்றும் கொண்டுபோனதாக வரலாறு இல்லை.

பிற்பகுதி கொங்கு நாட்டில். சோழன் செய்த கொடுமையால் எம்பெருமானார் திருவரங்கத்தை விட்டு மேற்கே எழுந்தருள நேர்ந்தது. கூரத்தாழ்வான் காஷாயத்தைத் தாம் உடுத்து ராஜஸபைக்குப் போக, எம்பெருமானார் ஆழ்வானுடைய வெள்ளை வஸ்த்ரத்தை உடுத்துச் சிஷ்யர்களோடு காட்டு வழியே நடந்தார். பல நாள் பட்டினி. நீலகிரிச் சாரலில், நல்லான் சக்ரவர்த்தியிடம் உபதேசம் பெற்ற வேடர்கள் எதிர்ப்பட்டுத் தேனும் தினைமாவும் கொடுத்து இளைப்பாற்றினார்கள். (இந்த வேடர்களும் ஆசார்யனைப் பிரிந்து காட்டில் வாழ்ந்தவர்களே, அவர்களைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.) அங்கிருந்து கொங்கு நாட்டில் ஓர் அந்தணர் திருமாளிகையை அடைந்தார்கள். அந்த இல்லத்துப் பெண்மணி வணங்கி, இங்கே அமுது செய்தருளவேண்டும் என்று வேண்டினார். வந்தவர்களுக்குத் தயக்கம். முன்பின் அறியாத இடத்தில் எப்படி உண்பது? தயங்கவேண்டா, அடியேனும் எம்பெருமானாரிடம் உபதேசம் பெற்றவள் என்று சொல்லி, மேலே கூறிய வரலாற்றை அவர் விண்ணப்பித்தார்.

இவ்விடத்தில் நடந்ததைச் சற்று நின்று பார்க்கவேண்டும். எம்பெருமானார் உடனே, நாமே அவர் என்று வெளியிட்டுக்கொள்ளவில்லை. தளிகை எப்படி நடக்கிறது, அதற்குமேல் என்ன செய்கிறார் என்று பார்த்துவரும்படி ஒரு சிஷ்யரை நியமித்தருளினார். அவர் தூய ஆடை உடுத்துத் தளிகை செய்தார். கோயிலாழ்வாரைத் திறந்து உள்ளே புகுந்து அமுது கண்டருளப்பண்ணி, த்யானத்தில் அமர்ந்தார். உள்ளே இருந்தவை வழக்கமான திருமேனிகளாகத் தெரியவில்லை. கறுப்பாக ஏதோ இருந்தது என்று பார்த்தவர் வந்து விண்ணப்பித்தார். அழைத்துக் கேட்டபோது, அவை ஆசார்யன் தந்த பாதுகைகள் என்றார் பிராட்டியார். கொண்டுவரச் செய்து பார்த்தால், எம்பெருமானார் திருவடிகளுக்கு அவை பொருந்தின.

இந்தக் கூட்டத்தில் எம்பெருமானார் இருக்கிறாரா, பார்த்துச் சொல் என்று நியமனமாயிற்று. பிராட்டியார் விளக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் பாதமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எம்பெருமானார் திருவடிகளருகே வந்ததும் நின்றுவிட்டார். திருவடிகள் எம்பெருமானாருடையவை போலவே இருக்கின்றன. ஆனால் வெள்ளை உடுத்திருப்பதால் தெளிவுபடவில்லை என்றார். அதன்பிறகே எம்பெருமானார் தம்மை வெளியிட்டருளினார். அவர் திருவடிகளில் விழுந்து கண்ணீர் பெருக்கினார்.

ஆசார்யன் சிஷ்யையைச் சோதிக்கிறார். சிஷ்யை ஆசார்யனைச் சோதிக்கிறார். இருவருக்கும் இதில் குறையில்லை. வழிகாட்டுவார் இல்லாத இடத்தில் தனியே வளர்ந்த நம்பிக்கை, வந்தவர் பெருமையைக் கேட்டதும் மயங்கிவிழும் நம்பிக்கையாக ஆகவில்லை. திருவடிகளை அடையாளம் கண்டபின்னும் உடை ஒவ்வவில்லை என்று சொல்லும் தெளிவு அவருக்கு இருந்தது. தெருவில் நின்று ஏன் என்று கேட்ட அதே நெஞ்சு, இத்தனை காலத்துக்குப் பிறகும் மழுங்கவில்லை.

கொங்குப் பிராட்டியார் பிரிந்தது பிழைப்புக்காக, மனவேற்றுமையால் அன்று. அர்த்தத்தில் உடன்படாமல் பிரிந்தவர்கள் என்ன செய்வது என்று கேட்டால், எம்பெருமானாரின் திருவாழ்விலேயே விடை இருக்கிறது.

காஞ்சியில் யாதவப்ரகாசரிடம் இளையாழ்வார் வாசித்துவந்த காலம் நாம் அறிந்ததே. சாந்தோக்யத்தில் எம்பெருமானின் திருக்கண்களைச் சொல்லும் வாக்யத்துக்கு யாதவப்ரகாசர் சொன்ன பொருளைக் கேட்டு இளையாழ்வார் கண்ணீர் விட்டதும், தாம் வேறு பொருள் காட்டியதும், இறுதியில் அந்த வகுப்பிலிருந்து விலக நேர்ந்ததும் ப்ரஸித்தம். வகுப்பை விட்டது குற்றம் என்று எவரும் சொன்னதில்லை. நாம் கவனிக்கவேண்டியது, விட்டபின் அவர் என்ன செய்தார் என்பதே. அவரைக் காட்டிலும் சாஸ்த்ரத்தைத் தாமே ஆராயத் தகுதி பெற்றவர் யார்? ஆயினும் அந்த இடைக்காலத்தில் அவர் புதிதாக ஒரு கொள்கையை வகுத்துக்கொண்டு ஊரைக் கூட்டவில்லை. திருக்கச்சி நம்பி சொன்னபடி, சாலைக் கிணற்றிலிருந்து பேரருளாளனுக்குத் தீர்த்தம் சுமந்தார். ஐயங்கள் இருந்தன, அவற்றை மறைக்கவும் இல்லை, தாமே தீர்த்துக்கொண்டதாகச் சொல்லவும் இல்லை. திருக்கச்சி நம்பி வாயிலாகப் பேரருளாளனிடம் விண்ணப்பித்தார். ஆறு வார்த்தைகள் கிடைத்தன. ஐந்து, தத்த்வத்தைப் பற்றியும் உபாயத்தைப் பற்றியும் பேற்றைப் பற்றியும். ஆறாவது, பெரிய நம்பியை ஆச்ரயிக்கவேண்டும் என்பது. அதன்படியே மதுராந்தகத்தில் பஞ்சஸம்ஸ்காரம் நிகழ்ந்தது. தனித்துத் தேடிய காலத்துக்கு அவர் வைத்துக்கொண்டது ஒரு குடமும் ஒரு கேள்வியும்.

இதே எம்பெருமானார், பின்பு திருமலையாண்டானிடம் திருவாய்மொழி கேட்கும்போதும் ஒரு தடை வந்தது. இரண்டாம் பத்து மூன்றாம் திருவாய்மொழியின் மூன்றாம் பாசுரம். அடிமையில் அன்பைப் பிறப்பித்தபின், அறிவைக் கெடுக்கும் ஸம்ஸாரத்தில் கொண்டு வைத்தாயே என்று ஆழ்வார் இழவு தோன்றப் பேசுகிறார் என்பது ஆண்டான் அருளிய பொருள். எம்பெருமானார் அதை ஏற்கத் தயங்கினார். அந்தத் திருவாய்மொழி முழுவதும் எம்பெருமானோடு கலந்த ஆனந்தத்தைச் சொல்லுகிறது; முன்னும் பின்னும் உள்ள பாசுரங்களில் ஆழ்வார் உகந்து பேசுகிறார்; இடையில் ஒரு பாட்டு மட்டும் இழவு சொல்வது எங்ஙனே? ஆகவே சொற்களின் அந்வயத்தை மாற்றி, ஸம்ஸாரத்தில் கிடந்து ஒன்றும் அறியாத காலத்திலேயே அடிமையில் அன்பை உண்டாக்கினாயே என்று நன்றி தோன்றப் பொருள் கூறினார். இது ஆளவந்தாரிடம் கேட்ட பொருளன்று, விச்வாமித்ர ஸ்ருஷ்டி என்று சொல்லி ஆண்டான் காலக்ஷேபத்தையே நிறுத்திவிட்டார்.

திருக்கோஷ்டியூர் நம்பி இதைக் கேள்வியுற்று எழுந்தருளி, எம்பெருமானார் சொன்ன பொருளையும் ஆளவந்தார் அருளக் கேட்டிருக்கிறோம் என்று ஸாதித்து, காலக்ஷேபத்தை மீண்டும் தொடங்கச் செய்தார். கண்ணன் ஸாந்தீபனியிடம் பயின்றதுபோல் இவர் உம்மிடம் கேட்கிறார் என்றும் ஆண்டானிடம் சொன்னார். பின்னொரு சமயம் எம்பெருமானார், ஆளவந்தாருக்கு நாம் ஏகலவ்யனைப்போலே என்று தம்மைச் சொல்லிக்கொண்டதாகப் பெரியோர் ஸாதிப்பர். கண்ணால் கண்டு, அருகிருந்து ஒரு சொல்லும் கேளாத ஆசார்யனுக்கு இப்படி ஒரு சிஷ்யர்!

இதில் நாம் பயிலவேண்டியது ஒரு வாசிப்பு முறை. எம்பெருமானார் தமக்குத் தோன்றியது என்பதற்காக அப்பொருளைச் சொல்லவில்லை. பதிகத்தின் ஓட்டத்தைக் காரணமாகக் காட்டினார்; சொற்கள் இடம்கொடுக்கும்படி அந்வயித்தார்; வேறொரு பெரியவர் வாய்க்கேள்வியோடு அது ஒத்தபின் நிலைத்தது. ஆண்டானும் தாம் கேட்டதைக் கேட்டபடி காத்தவர். அதனால்தான் ஈடு இரண்டு நிர்வாஹங்களையும் வைத்திருக்கிறது, ஒன்றை அழிக்கவில்லை. தனித்து வாசிப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

மணவாள மாமுனிகள் உபதேசரத்தினமாலையின் 71ஆம் பாசுரத்தில் இவ்விஷயத்தைக் கடுமையாகவே பேசுகிறார். தாமே வாசிப்பதைத் தடுப்பவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவதும் இதைத்தான். ஆனால் பாசுரத்தின் அடைவைப் பாருங்கள். முன்னோர் சொன்னதை முறை தப்பாமல் கேட்பது முதலில், கேட்டதைப் பின்பு தாம் ஆராய்வது அடுத்தது, அதன்பின்பே பேசுவது. இப்படியின்றித் தன் நெஞ்சில் தோன்றியதைச் சொல்லி, அதற்குச் சுத்த ஸம்ப்ரதாயம் என்று பெயரிடுபவரை அவர் மூர்க்கர் என்கிறார். நடுவிலுள்ள ஆராய்ச்சியை அவர் விலக்கவில்லை, விதிக்கிறார். கேட்டதை ஒருபோதும் ஆராயாமல் அப்படியே ஒப்பிப்பவர்களும் இப்பாசுரத்தின் ஒரு படியைத் தாண்டிக் குதித்தவர்கள்தாம் என்று சொன்னால், சிலர் நம்மீது சினங்கொள்ளக்கூடும்.

முறையாகக் கேட்டவர் தனித்து எழுதினால் என்னாகும் என்பதற்கு நம்பிள்ளையே ஸாக்ஷி. நம்பூர் வரதராஜரிடம் நஞ்சீயர் தம் ஒன்பதினாயிரப்படியைப் பிரதி எடுக்கத் தந்தருளினார். ஊருக்குப் போய் எழுதுவதாகச் சொல்லி அவர் காவிரியில் நீந்துகையில், வெள்ளம் சுவடியை அடித்துக்கொண்டு போய்விட்டது. மூலமும் இல்லை, ஆசார்யனும் அருகில் இல்லை. கேட்டதை நினைவில் கொண்டு முழுவதையும் எழுதினார். சில இடங்களில் தமக்குத் தோன்றிய சிறந்த அர்த்தங்களையும் சேர்த்தார். நஞ்சீயர் பார்த்து வியந்து, நடந்ததைக் கேட்டறிந்து, நம்முடைய பிள்ளை என்று அணைத்துக்கொண்டார். அவர் சேர்த்ததை மறைக்காமல் ஆசார்யனிடம் கொண்டுவந்து வைத்தார் என்பதையும் இங்கே விட்டுவிடலாகாது.

மறுபுறம், கோவிந்தப் பெருமாளின் வரலாறும் இருக்கிறது. யாதவப்ரகாசரோடு காசி யாத்ரை போய், கங்கையில் கையில் லிங்கம் கிடைக்கப்பெற்று, காளஹஸ்தியில் வேறு வழியில் ஈடுபட்டிருந்தார். அவரைப் பெரிய திருமலை நம்பி வாதத்தால் வென்று இழுத்துவரவில்லை. அவர் பூப்பறிக்கும் இடத்துக்குப் போய்த் திருவாய்மொழி சொன்னார்; கேட்டுக்கொண்டிருந்தவர் தாமே மரத்திலிருந்து இறங்கிவந்தார். பின்பு எம்பார் என்று ஸம்ப்ரதாயத்தையே வளர்த்தவர் அவரே. கோஷ்டியை விட்டு விலகியவர்களைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்ளும் நம்மவர்கள் பெரிய திருமலை நம்பியின் பொறுமையை நினைப்பது நலம்.

இன்றைய நிலை வேறு. நம்பிள்ளை அருளிச்செய்ய, வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய ஈடு, ஈயுண்ணி மாதவர் தொடங்கி ஒருவர் ஒருவருக்கு என்ற ஓராண்வழியாகவே சில தலைமுறை நடந்து, திருவாய்மொழிப்பிள்ளை வழியே மாமுனிகளை அடைந்தது. அவர் நம்பெருமாள் திருமுன்பே அதை ஓராண்டு அருளிச்செய்து உலகறியச் செய்தார். இப்போது கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ மில் வேலை முடிந்து இரவில் வீடு திரும்புபவரின் கைப்பேசியிலேயே முழு ஈடும் இருக்கிறது. சிகாகோவில் இருப்பவர்க்கும் அப்படியே. காக்கப்பட்ட பொருள் தெருவுக்கு வந்தபின், வாசிக்காதே என்று சொல்வதில் பயனில்லை. எப்படி வாசிப்பது என்று சொல்வதே தகும்.

ஆகவே கோஷ்டி அமையாதவர்கள் நேரே ஈட்டில் இறங்கவேண்டா என்பது நம் விண்ணப்பம். அதன் மணிப்ரவாள நடையும், ஒரே பாட்டுக்குப் பல நிர்வாஹங்களைச் சொல்லிச் செல்லும் போக்கும், புதியவரைத் திகைக்கவைக்கும். காஞ்சி ப்ரதிவாதிபயங்கரம் அண்ணங்கராசார்ய ஸ்வாமி (1891–1983) அருளிய திவ்யார்த்த தீபிகை, பதவுரையும் விளக்கவுரையுமாகத் தமிழறிந்த எவரும் புகக்கூடிய வாசல். ஒரு பதிகத்தை எடுத்தால் பத்துப் பாசுரங்களையும் முதலில் மூலமாகவே பலமுறை சேவியுங்கள். பின்பு உரை. தோன்றும் ஐயத்தை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வையுங்கள். விடை தோன்றினால் அதையும் எழுதுங்கள், ஆனால் இது நமக்குத் தோன்றியது என்று தெரியும்படி எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது திருவரங்கமோ காஞ்சியோ சேவிக்கப் போகும்போது, அந்த நோட்டை ஒரு பெரியவரிடம் காட்டுங்கள். அவர் கடிந்தால் மற்றொருவரிடம் காட்டுங்கள். திருக்கோஷ்டியூர் நம்பியைப் போல்வார் எல்லாக் காலத்திலும் ஒருவராவது இருப்பர்.

முதல் பயிற்சியாக இவ்வாரம், மேலே சொன்ன இரண்டாம் பத்து மூன்றாம் திருவாய்மொழியையே எடுத்துக்கொள்ளலாம். பதினொரு பாசுரங்களையும் சேவித்து, மூன்றாம் பாசுரத்தை ஆண்டான் நிர்வாஹத்தின்படி ஒருமுறையும், எம்பெருமானார் நிர்வாஹத்தின்படி ஒருமுறையும் பொருள் கொண்டு பாருங்கள். எந்தச் சொல் இடம் மாறும்போது இழவு உகப்பாக மாறுகிறது என்பதை எழுதி வையுங்கள். அடுத்த இதழில் நான்காம் பாசுரத்திலிருந்து தொடர்வோம்.